லைன் கிளியர்

மூன்று மணிக்கு நானே கையெழுத்துப் போட்டு
நானே நிறுத்திய மின்சாரம்.
தேவனாம்பட்டினம் ஃபீடர். விரிசல் விட்ட இன்சுலேட்டர் மாற்ற.
ஐந்து மணிக்கு வந்துவிடும் என்று
நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்குக் குறுஞ்செய்தி போயிருந்தது.
ஆறே காலுக்கும் வரவில்லை.
ஃபோனில் ஊரே திட்டியது.
ஐஸ் கம்பெனி முதலாளி, மீன் உருகுது என்றார்.
மீனா ஐஸா என்று நான் கேட்கவில்லை.

மொட்டை மாடி அறையில்
கார் பேட்டரியில் ரேடியோவைப் போட்டேன்.
வருஷம் முழுக்க என் ஏழு மெகாஹெர்ட்ஸில்
ஊர்ச் சார்ஜர்களும் எல்.இ.டி. பல்புகளும்
எதிர்வீட்டு மீன்தொட்டி மோட்டாரும்
சேர்ந்து அப்பளம் பொரிக்கும்.
இன்று அடுப்பு அணைந்திருந்தது.
ஹெட்ஃபோனுக்குள்
இப்போதுதான் துடைத்த தரை மாதிரி ஓர் அமைதி.
அதன் மூலையில் யாரோ
குண்டூசியால் தட்டுகிற மாதிரி மோர்ஸ்.

அழைப்புக்குறியின் வாலில், கடலில் ஓடும் படகு என்ற அடையாளம்.
பெயர் இல்மார். தனி ஆள்.
தெற்கு பதினொன்று நாற்பது,
மேற்கு நூறு பத்து.

நூற்றெண்பதிலிருந்து கழித்துப் பார்த்தேன், பழைய அரிப்பு.
பென்சில் நின்ற இடம்
முதுநகர் துறைமுகத்துக்குக் கொஞ்சம் தென்கிழக்கே,
லைன்மேன் அஞ்சாப்புலியின் மச்சான் வலை போடும் கடல்.

அங்கிருந்து பூமியைத் துளைத்து
ஒரு தூக்குக்குண்டு விட்டால்
அவன் படகில் போய் இடிக்கும்.
இதைவிடத் தள்ளிப்போக உலகத்தில் இடம் கிடையாது.
இனி அவன் எந்தப் பக்கம் துடுப்புப் போட்டாலும்
என் பக்கம்தான் வந்தாக வேண்டும்.
தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே கட்டிய கம்பியிலிருந்து
என் நாற்பது வாட் எந்த வழியாய்ப் போயிருக்கும்?
சைபீரியா வழியா, அண்டார்டிகா வழியா?
எல்லாம் ஒரே தூரம்.
எல்லா வழியிலும் கிளம்பி அங்கே போய்க் கூடியிருக்கும்,
கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி.

சூரியன் இப்போதுதான் தெரிகிறது, என்று தட்டினான்.
ஜன்னல் வழியே செம்மண்டலம் பக்கம் பார்த்தேன்.
விளிம்பு மட்டும் மிச்சம்.
நான்தான் அனுப்பினேன் என்று தட்ட விரல் போனது.
வானிலை கேட்டேன்.

அப்போது கைபேசி. அஞ்சாப்புலி.
"மேடம், ஆளெல்லாம் எறங்கியாச்சு.
எர்த் ராடு எடுத்தாச்சு.
லைன் கிளியர் திருப்பித் தர்றேன்.
சார்ஜ் பண்ணச் சொல்லலாமா?"

இல்மார் என் சிக்னலின் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தான்.
முதல் மூன்று வந்தது. அடுத்தது தேய்ந்தது.
மூன்று எண்ணும் வராமல் தொடர்பு, தொடர்பு ஆகாது.
லாக் புத்தகத்தில் நான் பொய் எழுதியதில்லை.

"இரு" என்றேன்.
"மேடம்?"
"இருய்யா."

பரீட்சை மாசம் வேறு.
கம்பத்தடியில் அஞ்சாப்புலி நிற்பது
மூச்சாய்க் கேட்டது.
ஒரு காதில் அவன். மறு காதில் பசிபிக்.
திரும்ப அனுப்பு, திரும்ப அனுப்பு என்று
அவ்வளவு தூரத்துக்குக் கெஞ்சினேன்.

மூன்று. மூன்று.
ஒன்பது.

நன்றி சொல்லி, எழுபத்து மூன்று தட்டி,
"பண்ணலாம்" என்றேன்.

தெரு முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம்.
அப்பளம் பொரிய ஆரம்பித்தது.
அதற்கு அடியில் அவன் இன்னும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்,
கேள்வி மாதிரி இருந்தது.
ஊர்ப் பெயரைக் கேட்டிருப்பானோ.

மறுநாள் ஆபீஸ் பதிவேட்டில்
மின்சாரம் திரும்பிய நேரம்: 6.27.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
ஏணி கிடைக்கவில்லை, என்று எழுதினேன்.